மறுப்புக் கடிதம் வந்த பிறகு: தென்னாப்பிரிக்காவுக்குப் படிக்க வந்திருக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு

பிப்ரவரியில் வகுப்புகள் தொடங்கும் நேரத்தில் டர்பனில் சும்மா நின்றாலே வியர்க்கும். அந்தப் புழுக்கத்தில் வளாகத்து மேடுகளை ஏறி, மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவைத் தேடிப் பிடித்து, தேர்வு வசதிகள் கேட்கும் படிவத்தையும் ஊரிலிருந்து கொண்டுவந்த சான்றிதழையும் கொடுத்துவிட்டு வருகிறோம். சில வாரம் கழித்து இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வருகிறது: கேட்ட வசதிகள் அங்கீகரிக்கப்படவில்லை. நம்மில் பலர் அத்தோடு விட்டுவிடுகிறோம். அயலூர், விசாவில் இருக்கிறோம், எதற்கு வம்பு என்ற எண்ணம்.

நானும் முதலில் அப்படித்தான் விட்டேன். எனக்குப் பார்வைக் குறைபாடு. பெரிய எழுத்தில் வினாத்தாளும் கூடுதல் நேரமும் கேட்டிருந்தேன். நேரத்தை மட்டும் கொடுத்தார்கள். கண்ணுக்குப் பிடிபடாத எழுத்தை இன்னும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான் அதன் பயன்.

மறுப்பு ஏன் வருகிறது என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பாதித் தவறு நம் பக்கத்தில் இருக்கிறது. ஊரில் எல்லாக் கதவையும் திறப்பது சதவீதம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதக் குறைபாடு என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், எழுத்தரும் கிடைப்பார். அடையாள அட்டையை நீட்டினால் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அட்டையின் நகலை இணைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். இங்கே அந்தச் சதவீதத்தை வைத்து அவர்களால் எதையும் முடிவு செய்ய முடிவதில்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு விவரம்: மேசையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதும்போது உங்களால் எது முடிகிறது, எது முடியவில்லை, எவ்வளவு நேரத்துக்குப் பிறகு முடியாமல் போகிறது. “இடது கண்ணில் 6/60” என்பது நோயின் அளவு. “12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தை உருப்பெருக்கி இல்லாமல் படிக்க முடியாது, அரை மணிக்குப் பின் வரிகள் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன, 24 புள்ளி எழுத்தில் இந்தச் சிரமம் இல்லை” என்று மருத்துவர் எழுதித் தந்தால் அதை வைத்து முடிவெடுக்கலாம். இந்நாட்டு மருத்துவத் தொழில்முறையாளர் மன்றத்தில் (HPCSA) பதிவு பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ எழுதிய அறிக்கைக்கு எடை அதிகம். செலவுதான், ஆனால் மேல்முறையீட்டில் கைகொடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு தாள்தான்.

அடுத்து, உங்களுக்கு இல்லை என்று சொன்னது யார் என்று பாருங்கள். வகுப்பு முடிந்து போகிற போக்கில் விரிவுரையாளர் “அதெல்லாம் என் பாடத்தில் முடியாது” என்று சொன்னால் அது அவருடைய கருத்து மட்டுமே. அன்று மாலையே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, “இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரியாகப் புரிந்துகொண்டேனா?” என்று கேட்டு, அதை எழுத்தாக்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் மாற்றுத்திறனாளி பிரிவு பரிந்துரை மட்டுமே செய்கிறது. முடிவு துறையிலோ தேர்வுப் பிரிவிலோ எடுக்கப்படுகிறது. மேல்முறையீடு டீனுக்கா, ரெஜிஸ்ட்ராருக்கா, தனிக் குழுவுக்கா என்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் கொள்கை ஆவணத்தில் இருக்கும். கெடு நாள்களும் அதில்தான் இருக்கும், பெரும்பாலும் குறுகியவை. கடிதம் வந்த அன்றே அந்த ஆவணத்தைத் தேடுங்கள்.

காரணம் சொல்லாத மறுப்பு வந்தால் காரணம் கேட்பது உங்கள் உரிமை. தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு நியாயமான நிர்வாக நடவடிக்கையை எல்லோருக்கும் உறுதி செய்கிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. அதன்கீழ் 2000ஆம் ஆண்டு வந்த நிர்வாக நீதிச் சட்டப்படி, முடிவு தெரியவந்த 90 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேட்கலாம். அவர்கள் பதில் தர 90 நாள் அவகாசம். கணக்குப் போட்டால் அதற்குள் ஜூன் தேர்வே முடிந்துவிடும். ஆகவே காரணம் வரட்டும் என்று காத்திருக்காமல், மேல்முறையீட்டையும் காரணம் கேட்கும் கடிதத்தையும் ஒரே நாளில் அனுப்புங்கள். முடிவு வரும்வரை இடைக்கால ஏற்பாடு வேண்டும் என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள். பலரும் மறப்பது இதைத்தான். இடைக்கால ஏற்பாடு இல்லாமல் வகுப்புத் தேர்வுகளைத் தவறவிட்டால், டி.பி. எனப்படும் தகுதி கிடைக்காமல் போகும்; டி.பி. இல்லாதவரைப் பருவத் தேர்வு எழுத விடமாட்டார்கள். நோய்வாய்ப்பட்டவர்களுக்கான சிறப்புத் தேர்வை எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சில அலுவலர்கள் ஆலோசனை சொல்வார்கள். காய்ச்சலுக்கு அது சரி. நம் குறைபாடு அடுத்த மாதமும் நம்மோடுதான் இருக்கும்.

கடிதத்தைப் பற்றி. நான் எழுதிய முதல் வரைவு மூன்று பக்கம். அப்பா கடன் வாங்கி அனுப்பியது, ஊரில் நான் வாங்கிய மதிப்பெண், கருணைகூர்ந்து பரிசீலிக்குமாறு நான்கு முறை வேண்டுகோள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் நான் தங்கியிருந்த வீட்டு ஆன்டி ஓய்வுபெற்ற ஆசிரியை. தமிழ் படிக்கத் தெரியாது. பேச்சில் சில சொற்கள் மட்டும் மிச்சம். ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு என்ன வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது, கண்ணா” என்றார். அன்றிரவு அதை ஒரே பக்கமாக்கினேன். எந்தத் தேதி முடிவு, அது எதைக் கவனிக்கவில்லை, புதிய மருத்துவ அறிக்கை என்ன சொல்கிறது, துல்லியமாக எந்த வசதி வேண்டும், அது முடியாதென்றால் எந்த மாற்று ஏற்பாட்டைப் பரிசீலித்தார்கள். அதற்குமேல் எதுவும் இல்லை.

“பாடத்தின் தரம் குறைந்துவிடும்” என்று மறுப்பில் இருந்தால், அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். பொருளாதாரத் தேர்வு பொருளாதார அறிவை அளக்கிறது. சிறிய எழுத்தைப் படிக்கும் கண்ணை அளக்கவில்லை. செய்முறைத் திறனே தேர்வுப் பொருளாக இருக்கும் இடங்களில் இந்த வாதம் அவ்வளவு எளிதாக நிற்காது. அங்கே ‘விலக்கு’ என்று கேட்காமல் ‘வேறு முறை’ என்று கேளுங்கள்.

இங்கே இவ்வசதிகளைக் ‘கன்செஷன்’ என்கிறார்கள். நம் ‘சலுகை’யைப் போலவே கொடுத்தவரை வள்ளலாக்கும் சொல். 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அப்படிப் பேசவில்லை. மாற்றுத்திறனாளியின் தேவைக்கு நியாயமான ஏற்பாடு செய்யத் தவறுவதையே அது பாகுபாடாக வைக்கிறது. அந்தக் கருத்தை இந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் விரித்துப் பேசியது ஒரு தமிழ் மூக்குத்தியை முன்னிட்டுத்தான். டர்பனில் ஒரு பள்ளி மாணவி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். பள்ளி கழற்றச் சொன்னது. தாய் சமத்துவ நீதிமன்றம் போனார். அங்கே தோல்வி, உயர் நீதிமன்றத்தில் வெற்றி. 2007இல் தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய தீர்ப்பும் அவர்கள் பக்கமே நின்றது: எல்லோரும் சமமாகப் பங்கேற்க, சமூகம் சில வேளை கூடுதல் சிரமத்தையும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. அந்தக் குடும்பத்தின் பெயரால் ‘பிள்ளை வழக்கு’ என்றால் இங்கே சட்டம் படிப்பவர் எவருக்கும் தெரியும். தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள் என்பதையும் நினைவில் வையுங்கள். நீதிமன்றம் தேர்வு அட்டவணைக்கு ஏற்ப நடப்பதில்லை.

இருந்தாலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே சமத்துவ வழக்கைப் பதியலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, படிவம் நிரப்ப நீதிமன்ற எழுத்தர் உதவுவார். மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுப்பதும் இலவசம். நிர்வாக நீதிச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்பதானால் பல்கலைக்கழகத்துக்குள் உள்ள மேல்முறையீட்டை முதலில் முடித்திருக்க வேண்டும். அதன்பின் 180 நாளுக்குள் போக வேண்டும்.

விசா பயம் பற்றி ஒரு வார்த்தை. மேல்முறையீடு செய்தால் விசா போய்விடும் என்று விடுதியில் யாராவது சொல்வார்கள். விசா உள்துறையின் விவகாரம். வசதி கேட்பது அதில் வராது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: கோபத்தில் படிப்புப் பதிவை ரத்து செய்யாதீர்கள். பதிவு போனால் படிப்பு விசாவின் அடிப்படையே போய்விடும். இன்னொன்று, உள்ளூர் மாணவர்களுக்குக் கருவி வாங்க என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு உதவித்தொகை உண்டு, படிப்பு விசாவில் வந்த நமக்கு அது கிடையாது. உருப்பெருக்கியோ கேட்புக் கருவியோ ஊரிலிருந்தே கொண்டுவருவது நல்லது.

எனக்கு மேல்முறையீட்டில் பெரிய எழுத்து வினாத்தாள் கிடைத்தது. முதல் தாள் ஏ3 காகிதத்தில் வந்தது. மேசையை விட்டு இருபுறமும் தொங்கியது. அதற்கும் ஒரு மின்னஞ்சல் போட்டேன். அடுத்த ஆண்டு பதிவின்போது அனுமதிக் கடிதத்தின் நகலை முதல் நாளே கொடுத்துவிட்டேன். இது பல இடங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது, தானாக நீடிக்காது.