விடுமுறை நாள் வேலைக்கான சம்பளம்: கொழும்புக் கடைகளில் இன்னும் தொடரும் தவறுகள்

புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதப் பழகும் இளையவர்கள் அவ்வப்போது என்னிடம் வந்து சந்தேகம் கேட்பார்கள். எங்கள் காலத்துக் கணக்காளர்கள் செய்து, ஊழியர்களின் வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொண்ட அதே தவறுகளை அவர்களும் வரி பிசகாமல் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுத நினைத்தேன். கூட்டல் பிழைகளையும் நாள் மாறிப் பதிவதையும் அவர்களே இரண்டொரு மாதத்தில் திருத்திக்கொள்வார்கள். எவரும் சுட்டிக்காட்டாவிட்டால் ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடிய தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நாட்காட்டியில் குறித்த எல்லா விடுமுறையும் ஒன்றென்று நினைப்பது

நம் நாட்காட்டிகளில் அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று வகை அடையாளங்கள் இருக்கும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருவோருக்குரிய விடுமுறைகள் தைப்பொங்கல், தேசிய தினம், மீலாதுன் நபி, புத்தாண்டுக்கு முந்தைய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் போயாவுக்கு அடுத்த நாள், நத்தார் ஆகிய எட்டும், அவற்றோடு போயா எனும் முழுமதி தினங்களும்தான். நாட்காட்டி வர்த்தக விடுமுறை என்று குறிப்பது இவற்றைத்தான். தீபாவளியும் பெரிய வெள்ளியும் அரச, வங்கி விடுமுறைகள். வர்த்தக விடுமுறைகள் அல்ல. தீபாவளியன்று வேலை செய்த நம் பிள்ளைகள் இரட்டைச் சம்பளம் வரும் என்று காத்திருந்து ஏமாறுவதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். அந்த உரிமை வேண்டுமானால் அது நியமனக் கடிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; வேலைக்குச் சேரும் நாளிலேயே அதைக் கேட்டுவிடுவது நல்லது.

போயாவுக்கும் மற்ற விடுமுறைக்கும் ஒரே வீதம் போடுவது

போயா தினத்தில் வேலை வாங்கினால் நாட்சம்பளத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டம். மேலே சொன்ன எட்டு நாட்களுக்கு விதி வேறு: ஒன்றில் இரண்டு மடங்கு சம்பளம், அல்லது அதே ஆண்டு டிசம்பர் 31க்குள் சம்பளத்துடன் ஒரு பதில் லீவு, அதாவது வேலை செய்த விடுமுறைக்கு ஈடாக இன்னொரு நாள் லீவு. மாதச் சம்பளம் 45,000 ரூபாய் என்றால் நாட்சம்பளம் 1,500 ரூபாய். போயாவுக்கு 2,250 ரூபாய், மே தினத்துக்கு 3,000 ரூபாய். போயா வேலைக்குப் பணத்துக்குப் பதிலாக லீவு கொடுத்துக் கணக்கை முடிக்க இடமில்லை.

திகதியில்லாத பதில் லீவு

இத்தனை காலத்துக்குப் பிறகும் என்னைக் கோபப்படுத்துவது இந்தத் தவறுதான். இதில் ஊழியர் இழப்பது அதிகம். கணக்குப் புத்தகத்திலோ அது இழப்பாகவே தெரியாது.

புத்தாண்டுக்கு முந்தைய நாள் புறக்கோட்டைப் புடவைக் கடைகளில் நிற்க இடமிருக்காது. அப்படியொரு கடையில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த விற்பனையாளர் ஒருவர் அன்று இரவு வரை நின்று துணி கிழித்துக் கொடுத்தார். “தம்பி, இப்ப காசு கேக்காத, ஊருக்குப் போறப்ப ரெண்டு நாள் சேர்த்து எடு” என்றார் முதலாளி. வருகைப் பதிவேட்டில் அந்தத் திகதிக்கு நேரே பென்சிலால் ‘ப.லீ. பிறகு’ என்று மட்டும் எழுதப்பட்டது. ஆடி மாதம் அவர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்தபோது, பதில் லீவாகக் கழிய வேண்டிய நாட்கள் அவருடைய 14 நாள் வருடாந்த லீவிலிருந்து கழிக்கப்பட்டிருந்தன. கணக்கெழுதியவர் புதியவர், பென்சில் குறிப்பின் பொருள் அவருக்குத் தெரியவில்லை. டிசம்பரும் கடந்தது. ஜனவரியில் அவர் வாய் திறந்து கேட்டபோது கிடைத்த பதில், “அது போன வருசக் கணக்கு” என்பதுதான்.

அந்தப் பதில் சட்டப்படி தலைகீழானது. டிசம்பர் 31க்குள் பதில் லீவு கொடுக்கப்படவில்லையென்றால், முதலாளிக்கு இருந்த இரண்டு வழிகளில் ஒன்று அடைபட்டு, இரட்டைச் சம்பளம் என்ற மற்ற வழி மட்டுமே மீதமாகிறது. ஆண்டு முடிந்துவிட்டது என்பதே பணம் கொடுப்பதற்கான காரணமாக இருக்க, அதையே கொடுக்காமலிருப்பதற்கான காரணமாகச் சொல்வது உழைத்தவரின் காசைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சமம்.

ஆண்டிறுதியில் இது இன்னும் நெருக்கும். நத்தாரன்று வேலை வாங்கினால் பதில் லீவு கொடுக்க மீதமிருப்பது ஆறே நாட்கள். அந்த ஆறும் கடைகளுக்கு வியாபாரம் நெரியும் நாட்கள். கொடுக்க முடியாது என்று தெரிந்தே பதில் லீவு என்று எழுதாதீர்கள். டிசம்பர் சம்பளத்திலேயே இரண்டு மடங்கைச் சேர்த்துவிடுங்கள்.

பதில் லீவுக்கென்று தனி ஏடு ஒன்றை வைத்து, வேலை செய்த திகதி, லீவு எடுக்கப்போகும் திகதி, இரு தரப்புக் கையொப்பம் ஆகியவற்றைப் பேனாவால் பதியுங்கள். நவம்பர் முதல் வாரத்தில் அந்த ஏட்டைத் திறந்து, தீராமல் இருக்கும் வரிகளை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டுவது கணக்கெழுதுபவரின் கடமை. முதலாளி முகம் சுளிப்பார் என்று தயங்குபவர்கள் அந்த விற்பனையாளரின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்க வேண்டும்.

தவறான எண்ணால் வகுப்பது

கடை, அலுவலக ஊழியருக்கு மாதச் சம்பளத்தை 30ஆல் வகுக்க வேண்டும். தொழில்வாரியாகச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபைகளின் கீழ் வரும் தொழில்களுக்கு 26ஆல். அதே 45,000 ரூபாய்க்கு நாட்சம்பளம் 1,500 ரூபாயா, ஏறத்தாழ 1,731 ரூபாயா என்பது இதில்தான் இருக்கிறது. சம்பளச் சபைத் தொழில்களில் விடுமுறைப் பட்டியலும் தொழிலுக்குத் தொழில் மாறும் என்பதால், அந்தந்தச் சபையின் தீர்மானத்தைப் பார்க்காமல் கணக்கில் கை வைக்காதீர்கள்.

விடுமுறைச் சம்பளத்தை ஓவர்டைம் நிரலில் சேர்ப்பது

வேண்டாம். ஓவர்டைமுக்கு, ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பு கிடையாது. விடுமுறை தொடர்பான கொடுப்பனவை அந்த நிதிக்கான சட்டம் உழைப்பூதியமாகவே, அதாவது பங்களிப்புக்கு உட்பட்ட சம்பளமாகவே எண்ணுகிறது. இரண்டையும் கலந்தால் முதலாளியின் 12 வீதப் பங்களிப்பு ஊழியரின் கணக்குக்குப் போகாமல் நின்றுவிடும்.

ஊழியர் தாமே குறித்து வைக்காமலிருப்பது

கைவிரல் இயந்திரத்தின் பதிவுகள் கடைக்காரரிடமே இருக்கும். வேலை செய்த விடுமுறைத் திகதியையும், வந்த நேரம், போன நேரத்தையும் அன்றன்றே ஒரு சிறு கொப்பியில் எழுதி வையுங்கள். பேசித் தீராவிட்டால் அந்தக் கொப்பியையும் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, வேலைத்தலம் இருக்கும் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் எழுத்துமூலம் முறையிடலாம். தொழில் திணைக்களத்தின் தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. “எனக்குச் சம்பளம் சரியாகத் தரவில்லை” என்று பொதுவாக எழுதாமல், எந்தத் திகதி, என்ன விடுமுறை, எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு வர வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுங்கள்.