தோலுரித்த நன்னீர் இறாலின் ஓடு இறுகக் குளத்து நீரைப் பக்குவப்படுத்தும் முறை

ஓடு மெலிந்த இறாலைக் கண்டதும் தீவனத்தில் கால்சியம் கலக்கத் தொடங்குவது பல பண்ணையாளர்களின் வழக்கம். ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது நீரைத்தான். தோலுரிக்கும்போது நன்னீர் இறாலின் உடலிலுள்ள கால்சியத்தின் பெரும்பகுதி பழைய ஓட்டோடு போய்விடுகிறது. புதிய ஓடு இறுகத் தேவையானதில் பெரும்பங்கைச் செவுள்கள் நீரிலிருந்தே இழுத்துக்கொள்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. நன்னீர்க் குளங்கள் பலவற்றில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இராது.

செவுள் வழியே வரும் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக ஓட்டில் படியும்போது, ஹைட்ரஜன் அயனி, அதாவது அமிலம், உடலில் மிஞ்சுகிறது. அதை இறால் வெளியேற்றியாக வேண்டும். சுற்றியுள்ள நீரே அமிலமாக இருந்தால் அந்த வெளியேற்றம் தடைப்படுகிறது; பைகார்பனேட்டும் குறைந்துபோகிறது; உடலின் சோடியமும் கசிகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ‘223’ என்று எண்ணிடப்பட்ட ஏரியை 1976 முதல் ஆய்வுக்காகச் சிறிது சிறிதாக அமிலமாக்கியபோது, அங்கிருந்த நன்னீர்க் கல்லிறால்களின் ஓடு இறுக்கம் இழந்து, அவற்றின் எண்ணிக்கையும் சரிந்தது.

ஆகவே நீர் எவ்வளவு அமிலமானது என்று காட்டும் பி.எச். அளவை (அது தாழ்ந்தால் அமிலம் கூடுதல்) விடியற்காலையிலும் பிற்பகல் 3 மணியளவிலும் அளந்து குறித்து வையுங்கள். இரவில் சேரும் கரியமில வாயுவால் காலையில் அது தாழ்ந்தும், பாசியின் ஒளிச்சேர்க்கையால் மாலையில் உயர்ந்தும் இருப்பதால், ஒரு வேளை அளவை மட்டும் நம்புவது தவறு. 7 முதல் 8.5 வரை நல்லது. பி.எச். சரியாக இருந்தாலும் காரத்தன்மையையும் (அமிலத்தை ஆற்றும் பைகார்பனேட் போன்றவற்றின் அளவு) கடினத்தன்மையையும் (கால்சியம், மக்னீசியத்தின் அளவு) தனித்தனியே சோதியுங்கள், ஏனெனில் ஓட்டுக்குப் பொருள் தருபவை அவைதாம். கடினத்தன்மை லிட்டருக்கு 30 முதல் 150 மில்லிகிராமுக்குள் இருப்பது பொருத்தம்.

காரத்தன்மை குறைந்திருந்தால் சுண்ணாம்புக்கல் தூளையோ டோலமைட் (மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்) தூளையோ நீரில் கலக்கிக் குளம் முழுவதும் தெளியுங்கள். அது மெதுவாகவே கரையும், பி.எச். அளவை ஏறத்தாழ 8.3-க்கு மேல் ஏற்றாது. சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் இறால் இல்லாத, வற்றிய குளத்துக்கே உரியவை. இறால் உள்ள குளத்தில் அவற்றை இட்டால் பி.எச். சட்டென்று உயர்ந்து, அம்மோனியாவின் நச்சும் கூடிவிடும். காரத்தன்மை போதுமானதாகவும் கடினத்தன்மை மட்டும் குறைவாகவும் இருந்தால் ஜிப்சம் இடலாம். அது கால்சியத்தைக் கூட்டுமே தவிர அமிலத்தை ஆற்றாது.

பெருமழைக்குப் பின் மறுநாள் காலையிலேயே மீண்டும் சோதியுங்கள். மழைநீர் தாதுக்களை நீர்த்துப்போகச் செய்கிறது. கரையின் அமில மண்ணும் கழுவப்பட்டுக் குளத்தில் இறங்குகிறது. உரித்த தோலை அள்ளி எறிய வேண்டாம், இறால் அதைத் தின்று ஓரளவு தாதுவை மீட்டுக்கொள்ளும். ஓடு இறுகும்வரை மற்ற இறால்களுக்கு இரையாகாமல் ஒளிந்துகொள்ளத் தென்னை மட்டைகளையோ பழைய குழாய்த் துண்டுகளையோ அடியில் போட்டு வையுங்கள். அந்நாட்களில் வலை வீசுவதைத் தவிர்த்து, இரவு முழுவதும் காற்றூட்டியை ஓடவிடுங்கள்.