சிடியைச் சுமக்காமல் ஸ்கேனைக் காட்ட

அப்பாவுக்கு இடுப்பு எம்ஆர்ஐ எடுத்தோம். பிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் போட்டோ எடுத்து, கோயம்புத்தூரில் இருக்கும் தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். அங்கே டாக்டர், "இதுல டிஸ்க் எங்க, நரம்பு எங்கன்னே தெரியலம்மா" என்றுவிட்டார். சரியென்று மதுரை டவுன்ஹால் ரோட்டில் டிவிடி டிரைவ் வாங்கி வந்து சிடியைப் போட்டால், அதிலிருந்த வியூயர் என் விண்டோஸ் 11-ல் திறக்கவில்லை. வில்லாபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கே இந்தப் பாடு.

இப்போது படங்களும் மென்பொருளும் ஒரே மெய்நிகர் கணினியில், அதாவது லேப்டாப்புக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியில், இருக்கின்றன. வேண்டியவை: 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், அப்படியொரு கணினியை உருவாக்கித் தரும் இலவச மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ். லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் அமைப்புகளில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யுங்கள். மெய்நிகர் கணினிக்கு 2 ஜிபி ராம், 25 ஜிபி டிஸ்க் கொடுத்து, அதில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுங்கள். நெட்வொர்க் அமைப்பு நேட் (NAT) என்பதிலேயே இருக்கட்டும்.

அதற்குள் ஆர்தாங்க். பெல்ஜியத்தின் லீஜ் நகர மருத்துவமனையில் பிறந்த, ஸ்கேன் படங்களுக்கான சர்வர் இது. கூடவே அதன் வெப் வியூயர் ப்ளக்இன்.

இங்கேதான் நிதானம் வேண்டும். ஆர்தாங்க் 8042 என்ற போர்ட்டில், அதாவது நெட்வொர்க் வாசல் எண்ணில், வரும். ரௌட்டரில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். ஸ்கேன் படங்கள் சேமிக்கப்படும் ஒவ்வொரு டைகாம் கோப்பிலும் நோயாளி பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். ஆர்தாங்க்கின் அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டை மாற்றி, வேறு கணினிகளிலிருந்து அணுக அனுமதியுங்கள். பிறகு மெய்நிகர் கணினியிலும் உங்கள் லேப்டாப்பிலும், கருவிகளைத் தனிப்பட்ட நெட்வொர்க்கில் இணைக்கும் டெயில்ஸ்கேலைப் போடுங்கள். மெய்நிகர் கணினிக்கு 100-ல் தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். பிரவுசரில் அதையும் 8042-ஐயும் அடித்து, சிடியில் உள்ள படங்களை அப்லோட் செய்யுங்கள். பார்க்க வேண்டியவர் தன் கணக்கில் டெயில்ஸ்கேல் வைத்திருந்தால், இந்த ஒரு மெஷினை மட்டும் அவருக்குப் பகிரலாம். தங்கச்சி போனிலேயே திறந்து டாக்டரிடம் நீட்டினாள். அவர் விரலால் ஒவ்வொரு அடுக்காகத் தள்ளிப் பார்த்தாராம்.

எனக்கும் ஒருமுறை சறுக்கியது. மாதாந்திரப் பராமரிப்பு கரண்ட் கட் நாளில் லேப்டாப் பேட்டரி போக, அவள் கிளினிக்கில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து மெய்நிகர் கணினி முழுவதையும் ஓவிஏ என்ற ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து பென்டிரைவிலும் ஒன்று கொடுத்துவிட்டேன். விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கைப் பூட்டியிருந்தாலும், ஏற்றுமதியாகும்போது பூட்டு கழன்றுவிடும்; ஆகவே பென்டிரைவை வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளில் பூட்டுங்கள். ஆப்பிளின் எம்1 சிப்போ அதற்குப் பிந்தையதோ உள்ள மேக்புக்கில் இந்த ஓவிஏ ஓடாது, மாப்பிள்ளையின் பழைய டெல் லேப்டாப்பில்தான் ஓட்டுகிறாள்.