186 பெயர், ஒரு சீஆர் கொப்பி

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். வயது 46. படிக்க வேண்டும் என்று குறித்து வைத்த புத்தகங்களின் பெயர்கள் போனில் கொஞ்சம், டயரியின் பின்பக்கத்தில் கொஞ்சம், பஸ் டிக்கட்டின் பின்னால் கொஞ்சம் என்று பல வருஷமாகச் சிதறிக் கிடந்தன. போன டிசம்பர் விடுமுறையில் ஒரு சீஆர் கொப்பி (கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு) வாங்கி எல்லாவற்றையும் அதில் எழுதினேன். படிக்க நினைத்த புத்தகப் பட்டியலைக் குறைக்க வேண்டுமானால் நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். பக்கத்துக்குப் பத்துப் பெயர் போதும், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். எனக்கு 186 வந்தது.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. இரவில் வேலையெல்லாம் முடிந்து நான் உட்கார்ந்தால் இருபது பக்கம் ஓடும். கிழமைக்கு நான்கு இரவுதான் அது வாய்க்கும். 240 பக்கப் புத்தகத்துக்கு மூன்று கிழமை. தவணைப் பரீட்சை விடைத்தாள் வந்துவிட்டால் அதுவும் இல்லை. போன வருஷம் முடித்தது 14 புத்தகம். அப்படியானால் என் பட்டியலுக்கு 13 வருஷத்துக்கு மேல் வேண்டும், இடையில் ஒரு புதுப் பெயரும் சேராமல் இருந்தால். உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த எண் தெரியாமல் எதையும் வெட்ட மனம் வராது.

என் அப்பா கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியை உயரம் குறைத்து வெட்டிவிடுபவர். செடி உயர்ந்துகொண்டே போனால் கொழுந்துக்குக் கை எட்டாது என்பார். கொப்பியைப் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

இப்போது ஒவ்வொரு பெயருக்கும் கீழே, இதை யார் சொன்னார்கள், எதற்காகக் குறித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். 'நல்ல புத்தகமாம்' என்பது காரணமாகாது. 'அம்மாயி பாடிய தாலாட்டில் வரும் ஊர்ப் பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவேண்டும்' என்பது காரணம். காரணம் ஞாபகத்துக்கு வராத பெயரைப் பென்சிலால் ஒரே கோடாக அடியுங்கள். இந்த ஒரு வேலையிலேயே எனக்கு 61 போனது. அதில் பாதிக்கு மேல் பெரிய பெயர்கள். படிக்காமல் இருந்தால் வெட்கம் என்று நினைத்துச் சேர்த்தவை. இதைப் படித்தேன் என்று யாரிடமும் சொல்லவே முடியாது என்றாலும் படிப்பேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், பதில் உடனே வந்தது.

ஒரே விஷயத்தைப் பற்றிப் பல புத்தகங்கள் இருந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள். கோப்பிக் காலம் முடிந்து தேயிலை வந்த கதைக்கு என்னிடம் ஐந்து பெயர் இருந்தன. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது, 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது, இவை எல்லாப் புத்தகத்திலும் வரும். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த சனங்களைப் பற்றி அதிகம் பேசுகிறது எதுவோ அதை வைத்துக்கொண்டேன். அதைப் படித்த பிறகும் கேள்வி மிச்சம் இருந்தால் மற்ற நான்கையும் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

மிச்சத்தில் கையில் கிடைப்பவற்றை இருபது பக்கம் படித்துப் பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் இறக்கி வாசிக்கலாம். டவுன் நூலகத்தில் உள்ளதை நின்றபடியே பத்து நிமிஷம் புரட்டலாம். இந்தியப் பதிப்புகளின் விலை இங்கே வரும்போது கூடிவிடுகிறது. ஆனாலும் விலைக்காக ஒரு பெயரை அடிக்காதீர்கள். 'இரவல்' என்று பக்கத்தில் குறித்து வையுங்கள், யாரிடமாவது இருக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. எதை வைத்திருப்பது என்பதோடு, எதை முதலில் படிப்பது என்றும் முடிவெடுக்க வேண்டும். உலகப் புகழ்பெற்ற நாவல் பத்து வருஷம் கழித்தும் கடையில் இருக்கும். நம் மலையகத்து ஆள் ஒருவர் சொந்தக் காசில் முந்நூறு, ஐந்நூறு பிரதி அச்சடித்த புத்தகம் அப்படி இருக்காது. தோட்டத்துப் பாட்டுகளைத் தொகுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போட்ட சிறு நூலை 2011இல் குறித்தேன். கொட்டகலையில்தானே இருக்கிறார், அடுத்த விடுமுறையில் போய் வாங்கலாம் என்று இருந்துவிட்டேன். போன வருஷம் போனபோது அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மகளிடம் ஒரே ஒரு பிரதி இருந்தது. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சுவரின் ஈரம் ஏறி, அட்டை முழுக்கப் பூஞ்சணம். நடுவில் எட்டுப் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்ப் பிரிக்க முடியவில்லை. அந்த எட்டுப் பக்கத்தில் என்ன பாட்டு இருந்தது என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. அதனால் மறுபதிப்பு வராது என்று தோன்றும் புத்தகங்களுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்தவை எவ்வளவு சுமாராக எழுதப்பட்டிருந்தாலும் அடிக்காதீர்கள். அவைதான் முதல் வரிசை.

அடித்த பெயர்களைக் கிழித்துப் போடவேண்டாம். திகதி போட்டு அப்படியே விடுங்கள். நான் அடித்ததில் இரண்டு பெயர்கள் மூன்று மாதத்துக்குள் தாமாகவே நினைவுக்கு வந்தன, திரும்பச் சேர்த்தேன். புதுப் பெயர்களை நேரே பட்டியலில் எழுதாமல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு மாதம் காக்க வைக்கிறேன்.

இப்போது 48 பெயர் இருக்கின்றன. மூன்றரை வருஷ வேலை. சிவப்புப் புள்ளி வைத்தவை ஒன்பது. கொட்டகலைப் பிரதியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நூலகம் இணையத்தளத்துக்கு அனுப்பலாமா என்று அந்த ஆசிரியர் ஐயாவின் மகளிடம் கேட்டேன். தம்பியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிறேன்.