மலைநாட்டுப் பாதைக்கு உருக்கு ஃபேட் பைக்: டயரில் தொடங்கிக் கட்டும் முறை

கொழுந்து லொறிக்காகக் கல் பதித்த தோட்டப் பாதையில் சாதாரண சைக்கிளின் சில்லு துள்ளிக்கொண்டே இறங்கும். மழை விட்டதும் செம்மண் களியாகி, டயரோடு சுற்றி வந்து பிரேமுக்குள் இறுகும். ஃபேட் பைக்கின் நான்கு அங்குல அகல டயரை 8 பி.எஸ்.ஐ. காற்றில் ஓட்டினால் துள்ளல் பெருமளவு அடங்கிவிடும். களி இறுகுவதை டயரால் தீர்க்க முடியாது. டயருக்கும் பிரேமுக்கும் நடுவே நீங்கள் விடும் இடைவெளிதான் அதைத் தீர்க்கும். சொந்தமாகப் பிரேம் கட்டுவதன் பெரிய பயனே இந்த இடைவெளியை நாமே முடிவு செய்யலாம் என்பதுதான். ஆகவே கட்டும் வேலையை டயரில் தொடங்கி உள்நோக்கிப் போக வேண்டும்.

முதலில் சில்லு

ஒரு குழாயைக் கூட வாங்குவதற்கு முன் இவற்றைக் கையில் வைத்திருங்கள்: 26×4.0 டயர் இரண்டு, 80 மி.மீ. அகல ரிம் இரண்டு, பின் ஹப் (சில்லின் நடு உருளை) 197×12, முன் ஹப் 150×15 (அகலமும் அச்சின் விட்டமும், மி.மீ.இல்), 197 ஹப்புக்கான கிராங்க் (பெடல் தண்டு), 100 மி.மீ. அகல பொட்டம் பிராக்கெட் கூடு (கிராங்கின் அச்சு சுழலும் உருளை), ஃபோர்க் (முன் சில்லைப் பிடிக்கும் கவை).

177 மி.மீ. பின் ஹப்பும் 4.0 டயருக்குப் போதும், செயின் கோடு (சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து செயின் வரையான தூரம்) 66 மி.மீ. அளவில் வரும். 197இல் அது 76 மி.மீ. கால்கள் சற்று அகன்று மிதிக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனாலும் களி மண்ணுக்கு 197தான் எங்கள் பரிந்துரை. செயினுக்கும் டயருக்கும் நடுவே மண் விழ இடம் கிடைக்கும், பின்னாளில் 4.8 டயருக்கு மாற நினைத்தால் ஹப்பை மாற்ற வேண்டியதில்லை. அந்த அகல டயரும் வேண்டுமென்றால் பிரேம் இடைவெளியை இப்போதே அதற்கு ஏற்ப வரையுங்கள்.

டயரை ரிம்மில் ஏற்றி 15 பி.எஸ்.ஐ. அடித்து ஒரு நாள் வையுங்கள். புதிய டயர் ஏற்றிய பிறகு சில மில்லிமீட்டர் விரியும், அதனால் மறுநாள் அளக்கும் அளவே சரியான அளவு. 100 மி.மீ. அகலம் வந்தால் பக்கத்துக்கு 8 மி.மீ. சேர்த்து, ஸ்டேகளின் (பின் சில்லின் இரு பக்கமும் போகும் குழாய்களின்) உள் இடைவெளி 116 மி.மீ. டயர் பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பி வரைந்த பிரேமில் டயர் உரசுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஃபோர்க்கை முதல் பிரேமுக்குச் செய்ய வேண்டாம், வாங்குங்கள். பின்பக்க ஒட்டு விட்டால் பெரும்பாலும் சத்தம் கேட்டு நிறுத்த நேரம் இருக்கும். ஃபோர்க் முறிந்தால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார்.

வரைபடம்

18 மி.மீ. பிளைவூட் பலகையில் முழு அளவில் வரையுங்கள். கணினியில் வரைந்தாலும் பலகையிலும் வரைவது நல்லது, ஏனென்றால் வெட்டிய குழாயை அதன் மேல் வைத்தே பிழை பார்க்கலாம்.

5 அடி 7 அங்குல உயரமுள்ளவருக்குத் தொடக்க அளவுகள்: தலைக்கோணம் (ஹாண்டில் தண்டு செல்லும் தலைக்குழாயின் சாய்வு) 68.5 பாகை, சீட் குழாய்க் கோணம் 73.5 பாகை, கிடைமட்டமாக அளந்த மேல்குழாய் 600 மி.மீ., செயின் ஸ்டே 450 மி.மீ., இரு அச்சுகளையும் இணைக்கும் கோட்டிலிருந்து பொட்டம் பிராக்கெட் 55 மி.மீ. தாழ்வு. 4.0 டயரின் ஆரம் ஏறக்குறைய 370 மி.மீ. ஆகவே பொட்டம் பிராக்கெட் நிலத்திலிருந்து 315 மி.மீ. உயரத்தில் நிற்கும். 170 மி.மீ. கிராங்கின் பெடல் அச்சு கீழே வரும்போது 145 மி.மீ. மிச்சம். கானைக் குறுக்கே கடக்கவும் தேயிலைத் தூரில் பெடல் மோதாமல் போகவும் இந்த உயரம் வேண்டும். 450 ஸ்டேயில் சீட் குழாய்க்கும் டயருக்கும் நடுவே ஏறக்குறைய 25 மி.மீ. கிடைக்கும். ஸ்டேயைக் குறைத்தால் சைக்கிள் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்று சிலர் 435க்குப் போவார்கள். களி பூமியில் அதைச் செய்யாதீர்கள்.

வாங்கிய ஃபோர்க்கின் அச்சிலிருந்து கிரீடம் (ஃபோர்க்கின் கால்கள் சேரும் மேல்முனை) வரையான நீளத்தை அளந்தே தலைக்கோணத்தை வரைய வேண்டும். அந்த நீளம் 20 மி.மீ. கூடினால் தலைக்கோணம் ஏறக்குறைய 1 பாகை சாயும்.

குழாய்கள்

4130 குரோமோலி உருக்குக் குழாய் வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் ஜி.ஐ. பைப் எந்த நிலையிலும் வேண்டாம். பாரம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சூடாக்கினால் துத்தநாகப் புகை எழும், அதைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

கீழ்க்குழாய் 34.9 மி.மீ., மேல்குழாய் 31.8 மி.மீ., சீட் குழாய் 28.6 மி.மீ. (27.2 சீட் கம்பத்துக்கு), தலைக்குழாய் 44 மி.மீ. உள் விட்டம், 120 மி.மீ. நீளம். தொடக்கக்காரர்கள் சுவர் 0.9 மி.மீ. சீராக உள்ள குழாயையே எடுங்கள். நடுவில் மெலிந்த 0.8/0.5/0.8 குழாய் எடை குறைவு, ஆனால் அளவு தவறி வெட்டினால் ஒட்டு மெல்லிய பகுதியில் விழும். 650 மி.மீ. நீளக் கீழ்க்குழாய் 0.9 சுவரில் 490 கிராம் அளவில் வரும். மொத்தம் 15, 16 கிலோ வரும் சைக்கிளில் மிச்சப்படும் நூறு, நூற்றைம்பது கிராமுக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

செயின் ஸ்டேயை நேர்க்குழாயில் செய்யலாமே என்று தோன்றும். 100 மி.மீ. கூட்டிலிருந்து டிராப் அவுட்டுக்கு (பின் அச்சைத் தாங்கும் தகட்டுக்கு) நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். டயர் மிக அகலமாக இருக்கும் இடத்தில் குழாயின் உள்சுவர் டயரைத் தொட்டுவிடும். ஃபேட் பைக்குக்கென்று வளைத்து விற்கப்படும் ஸ்டேகளை வாங்குங்கள். பிரேக் தாங்கியோடு வரும் டிராப் அவுட் கிடைத்தால் அதையே எடுங்கள், தாங்கியைத் தனியாக நேர் பார்த்து ஒட்டுவது தொடக்கக்காரருக்குக் கடினம்.

வெட்டும் அரமும்

குழாய் முனையை மற்றக் குழாயின் வளைவுக்குப் பொருந்த மீன் வாய் போல வெட்ட வேண்டும். கணினியில் கோணமும் விட்டமும் கொடுத்துத் தாளில் அச்சிட்டு, குழாயில் சுற்றி ஒட்டி, கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே இரும்பு வாளால் வெட்டுங்கள். மிச்சத்தை அரை வட்ட அரத்தால் தேயுங்கள். குழாயின் நீளவாக்கில் ஒரு நேர்க்கோடு கீறி வைத்துக்கொள்ளாவிட்டால் இரு முனைகளின் வாயும் ஒன்றுக்கொன்று திருகிப் போகும், முழுக் குழாயும் வீண்.

பொருத்திப் பார்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எங்கும் 0.5 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியக் கூடாது. பெரிய இடைவெளியைப் பித்தளையால் நிரப்பிவிடலாம்தான். ஆனால் அது ஆறும்போது சுருங்கிக் குழாயை அந்தப் பக்கம் இழுக்கும். பிரேம் கோணுவதற்கு முதற்காரணம் இதுதான்.

ஒட்டுதல்

மின்பொறியால் உருக்கி ஒட்டும் டிக் வெல்டிங் வேகமானது. ஆனால் 0.9 மி.மீ. சுவரில் கை நடுங்கினால் ஓட்டை விழும். ஆர்கன் வாயுவும் வேண்டும். ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களில் காஸ் வெல்டிங் பட்டறையைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. ஆகவே பித்தளைக் கம்பியால் ஒட்டும் பிரேசிங் முறையைச் சொல்கிறோம்.

முதலில் துண்டுக் குழாய்களில் குறைந்தது பத்து ஒட்டுப் போடுங்கள். ஒவ்வொன்றையும் வைஸில் பிடித்து நெம்பி முறியுங்கள். குழாய் கிழிந்தால் ஒட்டு நல்லது. பித்தளை தோல் உரிவது போலச் சுத்தமாகக் கழன்றால், குழாய் போதிய சூடு ஏறவில்லை, அல்லது எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது. தொடர்ந்து மூன்று நல்ல ஒட்டு வரும்வரை பிரேமைத் தொடாதீர்கள்.

ஒட்டப் போகும் இடத்தில் 20 மி.மீ. தூரம் எமரித் தாளால் பளபளக்கத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். சூட்டில் ஆக்சைடு படியாமல் காக்கும் பசையான பிளக்ஸைப் பூசுங்கள். சூட்டைக் குழாய்க்குக் கொடுக்க வேண்டும், கம்பிக்கு அல்ல. குழாய் செம்மஞ்சளாக மாறி, பிளக்ஸ் கண்ணாடி போல உருகி ஓடும் நேரத்தில் கம்பியைத் தொட்டால் அது தானாகப் பரவும். கம்பி 880 பாகை செல்சியஸ் அளவில் உருகும். வெள்ளைப் புகை கிளம்பிப் பித்தளை கொப்பளித்தால் சூடு மிஞ்சிவிட்டது, துத்தநாகம் எரிகிறது. உடனே சுடரை விலக்குங்கள். பித்தளை இரு குழாய்களின் மேலும் 6 முதல் 8 மி.மீ. பரவி, உட்குழிந்த விளிம்பாக நிற்க வேண்டும்.

நுவரெலியா குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். அசிட்டிலீன் அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றாதீர்கள், சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள்.

மறக்கக் கூடாத இன்னொன்று காற்றுத் துளை. இரு முனையும் மூடிய குழாயைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, உருகிய பித்தளையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஸ்டேகளில் 3 மி.மீ. துளையும், தலைக்குழாயிலும் பொட்டம் பிராக்கெட் கூட்டிலும் மற்றக் குழாய்களின் வாய் சேரும் இடத்தில் பெரிய துளையும் ஒட்டுவதற்கு முன்பே போடுங்கள்.

வரிசை: சீட் குழாயைப் பொட்டம் பிராக்கெட் கூட்டில் முழுமையாக ஒட்டி, செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். மற்ற எல்லா அளவும் இதிலிருந்துதான் பிறக்கும். பிறகு தலைக்குழாய், கீழ்க்குழாய், மேல்குழாயைப் பலகையில் பூட்டி மூன்று மூன்று புள்ளி மட்டும் ஒட்டுங்கள். அளந்து, சரியென்றால் முழு ஒட்டு. ஒரே பக்கத்தில் தொடர்ந்து போகாமல் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிப் போங்கள். பின்பக்கத்தை ஒட்டும்போது டிராப் அவுட்டுகளுக்கு நடுவே 197 மி.மீ. போலி அச்சு இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லையேல் சூடு அவற்றை உள்ளே இழுத்துவிடும்.

முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், 4130 நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். தானாக ஆறட்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் சுடுநீரில் நனைத்த துணி சுற்றி ஊறவிட்டால் பிளக்ஸ் கழன்றுவிடும். ஒட்டை அழகாக்க ஆங்கிள் கிரைண்டர் எடுக்க வேண்டாம். விளிம்பின் ஓரத்தில் 0.9 மி.மீ. சுவர் 0.5 ஆகத் தேய்வது கண்ணுக்குத் தெரியாது, பிரேம் அங்கேதான் வெடிக்கும். கை அரமே போதும்.

நேர் பார்த்தல்

நைலோன் நூலை ஒரு டிராப் அவுட்டில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறு டிராப் அவுட்டுக்குக் கொண்டு வாருங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையை இரு பக்கமும் அளங்கள். வித்தியாசம் 2 மி.மீ. என்றால் கோணல் 1 மி.மீ., அதுவரை ஏற்கலாம். அதற்கு மேல் இருந்தால் மெதுவாக நெம்பி எடுங்கள்.

பொட்டம் பிராக்கெட் மரையை லேத் கடையில் சுத்தம் செய்யுங்கள். செயின் பக்கம் இடது மரை என்பதை மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். சீட் குழாயின் உட்பக்கத்தையும் ரீமரால் 27.2 மி.மீ.க்கு அகலப்படுத்த வேண்டும்.

துரு

மூடுபனியில் வெறும் உருக்கு வைத்த அன்றே பழுப்பேறும். பிளக்ஸ் கழுவிய அன்றே உலர்த்திப் பிரைமர் அடியுங்கள். பொட்டம் பிராக்கெட் கூட்டின் அடியில் 5 மி.மீ. வடிகால் துளை போடுங்கள். பெயின்ட் காய்ந்ததும் துருத்தடுப்பு எண்ணெயைத் துளைகள் வழியே குழாய்களுக்குள் ஊற்றி, பிரேமைப் புரட்டிப் புரட்டி ஓடவிடுங்கள்.

கோத்தல்

சில்லைக் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். 32 கம்பி, ஒவ்வொன்றும் மூன்று கம்பிகளைக் குறுக்கிடும்படி. முன்னால் 28 பல், பின்னால் 11 முதல் 50 பல் வரையான கசெட் (பல்சக்கரத் தொகுதி). 28/50இல் ஒரு மிதிக்குச் சைக்கிள் 1.3 மீட்டர் நகரும், நிமிடத்துக்கு 60 மிதித்தால் மணிக்கு 4.7 கிலோமீட்டர். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைப் பாதையில் லிப்டன் சீட் ஏறுவது போன்ற நீண்ட ஏற்றத்துக்கு அந்த அடிக் கியர் வேண்டும். பிரேக் ஹைட்ரோலிக், இரண்டு பக்கமும் 180 மி.மீ. தட்டு. புதிய பிரேக் கட்டைகளைச் சமதரையில் முப்பது தடவையாவது வேகம் குறைத்துக் குறைத்துப் பழக்காமல் இறக்கத்தில் இறங்காதீர்கள்.

காற்றும் முதல் ஓட்டமும்

70 கிலோ எடையுள்ளவருக்குப் பாதையில் முன்னால் 8, பின்னால் 9 அல்லது 10 பி.எஸ்.ஐ. களியில் 6. தார் ரோட்டில் 15. தார் ரோட்டில் 6இல் ஓட்டினால் ஹாண்டில் தன்பாட்டில் ஒரு பக்கம் இழுக்கும். பிரேம் கோணிவிட்டதோ என்று பலர் பயப்படுவது இதற்குத்தான். மோட்டார் வண்டிக்கான காற்றுமானி இந்தச் சிறு அளவுகளைக் காட்டாது. 0–30 பி.எஸ்.ஐ. மானி தனியாக வாங்குங்கள்.

முதல் 10 கிலோமீட்டரிலும், பிறகு 50இலும், தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழைக் கோடோ, அதில் பழுப்புக் கசிவோ தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பெயின்டைச் சுரண்டி ஒட்டைப் பாருங்கள்.

கவ்வாத்து நடக்கும் மலையைச் சுற்றிப் போங்கள், வெட்டுண்ட தேயிலைக் குச்சியான மிலாறு டயரின் பக்கத்தைக் குத்தினால், டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவமான டியூப்லெஸ் பாலும் அடைக்காது. மழைக்கு மறுநாள் இறக்கத்தில் பின் சில்லைப் பூட்டி இழுக்காதீர்கள். அந்தத் தடத்தில் அடுத்த மழைத் தண்ணீர் இறங்கி, கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் நடக்கும் பாதையை அரித்துவிடும். தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டே உள்ளே போங்கள். கொழுந்து மூட்டையோடு ஏறி வருபவர்களைக் கண்டால் இறங்கி ஓரமாக நில்லுங்கள்.