‘சும்மா விசாரணைதான்’ என்று ஸ்டேஷனுக்கு அழைத்தால் செய்யக்கூடாத தவறுகள்

இரவு பத்து மணிக்கு மஃப்டியில் இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள். “ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போகட்டும்மா, சும்மா விசாரணைதான்.” பையன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு, வந்தவர்கள் யார் என்று வீட்டில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

விசாரிக்கும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு. அந்த அதிகாரம் எழுத்தில் நடக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள, குற்றவியல் நடைமுறைகளைச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 35(3) பிரிவுப்படி, கைது செய்யத் தேவையில்லாத சந்தேக நபருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சாட்சியாக அழைப்பதற்கும் 179-வது பிரிவில் எழுத்துபூர்வ உத்தரவு தேவை. பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் அதற்காக ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

நோட்டீஸ் வந்தும் போகாமல் ஒளிந்துகொள்வது இன்னொரு தவறு. கைது செய்வதற்கான காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும். வக்கீலிடம் பேசிவிட்டு, சொன்ன தேதியில் போய்விடுங்கள்.

நான் அதிகம் அஞ்சுவது கணக்கில் வராத நேரத்தைத்தான். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். இரவு பத்துக்கு அழைத்துப் போனவரை மறுநாள் மாலை ஆறுக்குக் கைது செய்ததாக எழுதினால் இருபது மணி நேரம் காணாமல் போகிறது. அடி விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அந்தக் காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் உடனே மேலதிகாரிகளுக்குத் தந்தி அடிப்பார்கள். இன்று அந்த வேலையை ஒரு மின்னஞ்சல் செய்யும். கூட்டிப்போன நேரம், வண்டி எண், ஸ்டேஷன் பெயர் ஆகியவற்றை எழுதி எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ விடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். விடியட்டும், யாராவது கட்சிக்காரரைப் பார்த்துப் பேசலாம் என்று காத்திருக்காதீர்கள்.

கைதுக் குறிப்பில் கையெழுத்துப் போடும்முன் அதிலுள்ள நேரத்தைப் படியுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது 181-வது பிரிவு.

கடைசித் தவறு, நடுவர் முன் வாய் மூடி நிற்பது. “அடிச்சாங்களா?” என்று கேட்கும்போது பின்னால் நிற்கும் காவலரை நினைத்து “இல்லைங்கய்யா” என்று சொல்லிவிடுகிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் மருத்துவரையும் நடுவரையும் தாண்டித்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். கையில் மாவுக்கட்டோடு நின்றாலும் அது எப்படி வந்தது என்று அங்கேயே சொல்லுங்கள். காயங்களைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைதானவருக்குக் கிடைக்க வேண்டியது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள். ரிமாண்ட் சமயத்திலேயே, அதாவது காவலில் வைக்க நடுவர் முன் நிறுத்தும்போதே, இலவசமாக வக்கீல் கேட்கலாம்.