மாடித் தொட்டியில நீல சங்குப்பூ

சங்குப்பூன்னா சாமிக்கு மட்டும்தான்னு நெனச்சிட்டிருந்தேன், டீயே போடலாம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. விதைத்தோல் ரொம்ப கெட்டி, அப்படியே போட்டா முளைக்க நாளாகும், அதனால உப்புத்தாள்ல லேசா ஒரு பக்கம் தேய்ச்சு ராத்திரி பூரா தண்ணில ஊறப்போட்டு மறுநாள் அரை இஞ்ச் ஆழத்துல நடுங்க, ஒண்ணு ரெண்டு வாரத்துல வந்துரும். 12 இஞ்ச் தொட்டி போதும், ஆனா நல்ல வெயிலும் ஏற ஒரு கயிறும் கண்டிப்பா வேணும். இது பயறு குடும்பம், வேர் முடிச்சுலயே தழைச்சத்து சேர்த்துக்கும், யூரியாவ அள்ளிப் போட்டா இலைதான் வரும் பூ வராது (நான் பட்டது!). அஞ்சாறு பூவ சுடுதண்ணில போட்டா நீலம், எலுமிச்சை பிழிஞ்சா ஊதா, பசங்களுக்கு செம குஷி. விதைய மட்டும் சாப்பிட்டுறாதீங்க.